தண்ணி ஊத்துன அன்னிக்கு

இங்கன உக்காருங்க தங்கச்சி, ஃபேன் காத்து இந்தப் பக்கந்தான் வரும். அந்த வரிசையில உக்காந்தா உள்ள பேர் கூப்பிடுறது காதுலயே விழாது, நாலு வருசமா வந்து போறவ சொல்றேன். டோக்கன் என்ன? முப்பத்தொண்ணா? அப்ப பதினொண்ணரை ஆயிரும். எங்களுக்கு இருபத்தாறு. கோவில்பட்டியில அஞ்சரை பஸ்ஸுக்கு ஏறுனோம். எம்மக சுபிக்‌ஷா டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கப் போயிருக்கா. கூட வரவேண்டாம்னுட்டா. பதினாறு நடக்குதுல்ல, அவளே போயிக்கிடுவாளாம்.

உங்க பையனுக்கும் கிட்னிதானா? யார் குடுத்தது, நீங்களா? நல்லா இருங்கம்மா. எனக்கு அந்தக் குடுப்பினை இல்ல. என் ரத்தம் சேரல, எங்க வீட்டுக்காரருக்குச் சக்கரை, ரெண்டு பேரையும் தள்ளிட்டாங்க. எங்களுக்குக் குடுத்தது என் நாத்தனா. வீட்டுக்காரரு கூடப் பிறந்த தங்கச்சி, கோமதின்னு பேரு. திருப்பூர்ல பனியன் கம்பெனியில தைக்கிறா. அத்தை குடுக்கிறதுன்னா கமிட்டி முன்னால போய் நிக்கணும், தெரியுமா? தாய் தகப்பன் மாதிரி சட்டுனு விட மாட்டாங்க. நாலு பேர் வரிசையா உக்காந்துக்கிட்டு, எதுக்கும்மா குடுக்கிற, யாரும் கட்டாயப்படுத்துறாங்களான்னு கேட்டாங்க. எங்கண்ணன் பிள்ளை சார், இதுல கட்டாயம் எங்க வந்துச்சுன்னா. அவ்வளவுதான் பேசுனா. குடுத்தது குடுத்ததுதான், நான் இல்லைங்கல. ஆனா குடுத்தவளே வந்து அதைக் கெடுத்துட்டும் போனா பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல.

அது பெரிய கதை. நீங்க என்னமோ கேக்க வந்தீங்க. ஊசியா? பையனுக்குக் கொரோனா ஊசி போடச் சொல்லியிருக்காரா டாக்டர்? பன்னண்டு முடிஞ்சிருச்சுல்ல, போட்டுருங்க. யோசிக்கவே யோசிக்காதீங்க. நான் யோசிச்சுப் பட்டது போதும். சொல்றேன், கேளுங்க, நேரம் நிறையக் கிடக்கு.

எம்மகளுக்குப் பதினொரு வயசுல ஆபரேஷன். அதுக்கு முன்னால ஒண்ணேகால் வருசம் டயாலிசிஸ். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, நீங்களும் அந்த வாசல்ல உக்காந்து எந்திரிச்சவங்கதான். ஆபரேஷன் முடிஞ்ச அன்னையில இருந்து அவ மாத்திரை டப்பா என் கையிலதான். காலையில எட்டு, ராத்திரி எட்டு. எட்டுன்னா எட்டு, எட்டு அஞ்சு கிடையாது. எங்க வீட்டுக்காரரு சவுந்தரபாண்டி மினி பஸ் ஓட்டுறவரு, டைம் பாத்து வண்டி எடுக்கிற மனுசன், அவரே என்னைப் பாத்துத்தான் கடிகாரத்தைத் திருத்துவாரு. குடிக்கத் தண்ணி கொதிக்க வச்சு ஆத்தி எடுத்ததுதான். வெளியில ஒரு ஐஸ் வாங்கிக் குடுத்ததில்ல. கல்யாண வீடு, கோயில் கொடை, ஒண்ணுக்கும் கூட்டிட்டுப் போனதில்ல. கொரோனா வந்து ஊரே கதவை அடைச்சப்ப எனக்கு ஒண்ணும் புதுசாத் தெரியல, நான் ஏற்கெனவே அடைச்சுத்தான் வச்சிருந்தேன்.

சொந்தக்காரங்க ஒருத்தருக்கும் சொல்லல. எங்கம்மா வீட்டுல ஒரே அண்ணன், அவருக்குத் தெரியும். பிறகு கோமதிக்கு. மத்தவங்களுக்கெல்லாம் மூத்திரப்பையில கல்லு, ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சுன்னு சொல்லி வச்சிருக்கோம். பொம்பளப் பிள்ளை தங்கச்சி. நாளைக்கு ஒருத்தன் கேட்டு வர வேண்டாமா? அடுத்தவ கிட்னி வச்சிருக்கான்னு தெரிஞ்சா யார் வருவா? உங்களுக்குப் பையன், பரவாயில்ல. பள்ளிக்கூடத்துலகூடச் சொல்லல. விளையாட்டு பீரியடுக்கு மட்டும் மூச்சு வாங்கும்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்திருந்தேன்.

ஆனா ஊர்க்கண்ணு சும்மா இருக்குமா? மாத்திரையில மூஞ்சி ஊதிப்போச்சு, வளத்தி கிடையாது. பதினாலு ஆச்சு, பதினஞ்சு ஆச்சு, வயசுக்கு வரல. கூடப் படிச்சதுக எல்லாம் வந்தாச்சு. எங்க ஓரகத்தி வீட்டுக்கு வந்தாளாம், எட்டிப் பாத்தாளாம், என்னக்கா, பிள்ளைக்கு இன்னும் ஒண்ணும் இல்லையா, நல்ல டாக்டரா பாக்கக் கூடாதான்னு கேக்குறா. நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு. இங்க டாக்டரைக் கேட்டா, வரும்மா, இந்தப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் வரும்னு சொல்லிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுருவாரு.

போன மார்கழியில வந்துட்டா தங்கச்சி. எனக்கு வந்த சந்தோசம் இருக்கே, அவ பிறந்தப்பகூட அப்படி இல்ல. பாத்ரூம் கதவைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டேன். எம்மக ஒண்ணும் குறைஞ்சு போகல, அவளும் எல்லாரையும் மாதிரிதான். இதை ஊருக்குக் காட்டாம விடுவேனா? தை பிறக்கட்டும்னு காத்திருந்து, தை எட்டு வெள்ளிக்கிழமை சடங்குன்னு குறிச்சாச்சு.

அந்த மார்கழிக் கடைசியிலதான் ஊசியும் வந்துச்சு. பதினஞ்சு வயசுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துலயே போடுறாங்கன்னு டீச்சர் போன் பண்ணாங்க. இங்க இருந்து டாக்டரும் போன் பண்ணாரு. வந்துருச்சும்மா, முதல் வாரத்துலயே போட்டுருங்க, திரும்ப அலை ஏறுதுன்னாரு. சொல்லும்போதே இன்னொண்ணும் சொன்னாரு. இந்தப் பிள்ளைகளுக்கு எதிர்ப்பு சக்தியை நாமளே மாத்திரை குடுத்து அமுக்கி வச்சிருக்கோம், அதனால ஊசி போட்டாலும் மத்தவங்க மாதிரி முழுசாப் பிடிக்காதுன்னாரு. அவர் வாயாலயே சொன்னாரு தங்கச்சி! பாதிதான் பிடிக்கும்னா அதை ரெண்டு வாரம் தள்ளிப் போட்டா என்ன குடி முழுகிரும்? ஊசி போட்டா காய்ச்சல் வரும், கை வீங்கும். இப்பத்தான் வயசுக்கு வந்திருக்கா, அந்த உடம்புல போய் ஊசி போட்டா மாசாமாசம் வர்றது நின்னு போகும்னு பக்கத்து வீட்டுல வேற சொன்னாங்க. பள்ளிக்கூடத்துல நர்ஸம்மா, வேற ஏதாவது வியாதி இருக்கா, மாத்திரை சாப்பிடுறியான்னு கேட்டா இவ உள்ளதைச் சொல்லிருவா. நாலு வருசமா மூடி வச்சது ஒரு நிமிசத்துல வெளிய வந்துரும். அதான், அலர்ஜி இருக்கு, பிறகு போடுறோம்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்.

அந்தப் பாதி பிடிக்கிறதுக்கு டாக்டர் என்ன சொன்னாருன்னா, அதனாலதான் வீட்டுல இருக்கிற எல்லாரும் முதல்ல போட்டிருக்கணும், நீங்க போட்டாச்சான்னு கேட்டாரு. போட்டாச்சு சார்னுட்டேன். எங்க வீட்டுக்காரரு ரெண்டு போட்டிருந்தாரு, வண்டி ஓட்டணும்னா போட்டாகணும். எனக்கு எங்க நேரம்? நான் காய்ச்சல்ல படுத்துட்டா அவளுக்கு எட்டு மணி மாத்திரை யார் குடுப்பா? வெளிய போற ஆளா நான்? வீடு, அடுப்படி, பிள்ளை. எனக்கு எதுக்கு ஊசி.

கோமதி போட்டிருந்தா. கம்பெனியில வரிசையா நிக்க வச்சுப் போட்டுட்டாங்களாம். அவளும் விடாம போன். மதினி, சுபிக்கு ஊசி போட்டாச்சா? மதினி, நீங்க போட்டாச்சா? மதினி, சடங்கை மூணு மாசம் தள்ளி வச்சா என்னங்க, சித்திரையில வச்சுக்கலாம்ல? எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. பெத்தவ நானா அவளா? ஒரு கிட்னி குடுத்துட்டா முழுப் பிள்ளையும் அவளுக்கா? நான் சொல்லிட்டேன், நீ சொல்லித்தான் எம்பிள்ளையை நான் பாக்கணும்னு இல்ல கோமதின்னு. அதோட அந்தப் பேச்சை விட்டுட்டா.

சடங்குன்னா சும்மாவா? ஞாயித்துக்கிழமையெல்லாம் ஊரடங்கு, மத்த நாள்ல கடையில கூட்டம் அம்முது. பொங்கல் முடிஞ்ச கையோட திருநெல்வேலி போய் வீட்டாளுகளுக்குப் பட்டு எடுத்தேன். ஜவுளிக்கடையில கால் வைக்க இடமில்ல, கழுத்துக்குக் கழுத்து இடிக்கிறாங்க. வீடு வீடாப் போய் பத்திரிகை வச்சேன். பத்திரிகை வைக்கப் போனா ஒரு வாய் காப்பி குடிக்காம விடுவாங்களா? அலைஞ்ச அலைச்சல்ல செவ்வாக்கிழமையே எனக்கு உடம்பு முறிஞ்சு போச்சு. கை கால் கடுப்பு, தொண்டையில கரகரப்பு, லேசா ஒரு சூடு. வேற ஒண்ணும் இல்ல, அலைச்சல். ஒரு மாத்திரை, ரெண்டு தடவை ஆவி, வேலையில மறந்துட்டேன். விசேசத்தைக் கையில வச்சுக்கிட்டு எந்தத் தாயாச்சும் படுப்பாளா?

கோமதி வியாழக்கிழமை வந்தா. திருப்பூர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி, மூஞ்சியில ரெண்டு மாஸ்க்கு மாட்டிக்கிட்டு. வந்ததும் வாசல்லயே நின்னுக்கிட்டு, மதினி, குளிச்சிட்டு உள்ள வர்றேன்னா. வந்தவளுக எல்லாரும் அவளைப் பாத்துச் சிரிக்கிறாளுக. என்ன கோமதி, வாய்க்கு ரெண்டு பூட்டான்னு. இந்தக் குசும்புதான் எனக்குப் பிடிக்காது, எங்க வீட்டுல ஏதோ நோய் இருக்கிற மாதிரி. மாஸ்க்கைக் கழட்டேன்னு சொன்னேன். இருக்கட்டும் மதினி, நான் எட்டயே இருந்துக்கிறேன்னுட்டா.

எட்ட இருக்க வேண்டியவதான் அவ. தப்பா நினைக்காதீங்க, அவ புருசன் ஏழு வருசத்துக்கு முன்னாலயே பைக்குல போய் அடிபட்டு இறந்துட்டாரு. பிள்ளைகுட்டியும் இல்ல. சடங்கு வீட்டுல தண்ணி ஊத்துறதுன்னா பூவும் பொட்டுமா இருக்கிற ஏழு பேர், ஒம்பது பேர்தான் ஊத்தணும். அத்தைக்காரி ஊத்துறதுதான் முறை, ஆனா அவ நிலைமை அப்படி. நானா வச்ச முறை? இந்தச் சுபிப் பிள்ளை, மனையில உக்காரும்போது சொல்லுது, அத்தைதான் எனக்கு முதல் தண்ணி ஊத்தணும்னு. எல்லாரும் நிக்காங்க. ஓரகத்தி கண்ணை விரிக்கிறா. ஏன் அந்த அத்தைதான் ஊத்தணும்னு யாராச்சும் கேட்டா நான் என்ன சொல்ல? சுபி தொடையில நறுக்குனு ஒரு கிள்ளு கிள்ளிட்டு, வாயை மூடுன்னேன். கோமதி அடுப்படி வாசப்படிக்கு அந்தப் பக்கமா போய் நின்னுட்டா. அங்க இருந்தபடி, சுபி, அம்மா சொல்றதைக் கேளுன்னு மட்டும் சொன்னா. அந்த வாசப்படியைத் தாண்டி அன்னிக்கு முழுக்க அவ வரல. சாப்பாடுகூட அங்கனயே உக்காந்து சாப்பிட்டா.

அப்படி நிக்கும்போதுதான் இருமுனா. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. பந்தல்காரன் பழைய விரிப்பை உதறிக்கிட்டு இருந்தான், அந்தத் தூசின்னு சொன்னா பிறகு. தூசியாம்! நான் பாத்தேன் தங்கச்சி, என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்.

எம்மக அன்னிக்கு என்ன அழகுங்கிறீங்க. நாலு வருசமா மாஸ்க்குக்குள்ள கிடந்த மூஞ்சி. போட்டோவுக்கு மாஸ்க்கோடவா நிக்க முடியும்? நான்தான் கழட்டிவிட்டேன். கன்னத்துல சந்தனம் தடவி, எங்கண்ணன் கொண்டுவந்த பட்டைக் கட்டி, எல்லாம் நான்தான். அவளை இன்னொருத்தி தொட விடல, கூட்டத்துல யார் எப்படியோ, நமக்கு எதுக்கு வம்புன்னு. சீலை கட்டிவிட்டது நான், தலை பின்னுனது நான். பசிக்குதுன்னா, ஒரே இலையில எனக்கும் அவளுக்கும் பிசைஞ்சு நான்தான் ஊட்டிவிட்டேன். சமையல்காரனை அன்னிக்கு நல்லா ஏசுனேன், சாம்பார்ல உப்பும் இல்ல உறைப்பும் இல்லடான்னு. எல்லாரும் நல்லாத்தான இருக்குன்னாங்க. ஓசிச் சாப்பாடுன்னா சொல்லத்தான செய்வாங்க. பன்னீர் தெளிச்சாங்க, அதுலயும் ஒரு வாசம் கிடையாது. இப்பல்லாம் எல்லாத்துலயும் கலப்படம்.

நூறு பேர்னு போலீஸ்காரங்க கணக்கு. எரநூத்தம்பது பேர் சாப்பிட்டாங்க. ஓரகத்தி வாயே திறக்கல. அன்னிக்குச் சாயங்காலம் நான் உக்காந்து காலை நீட்டுனப்ப, இனி எம்மகளுக்கு ஒரு குறையும் இல்லைன்னு நினைச்சேன்.

திங்கக்கிழமை அவளுக்குத் தொண்டை வலி. செவ்வா காய்ச்சல், வயித்தால போகுது. மாத்திரை உள்ள நிக்க மாட்டேங்குது, குடுக்கக் குடுக்க வாந்தி எடுக்கா. புதன்கிழமை இங்க தூக்கிட்டு வந்தோம். மூக்குல குச்சியை விட்டுப் பாத்து, கொரோனான்னுட்டாங்க. எங்களுக்கும் பாத்தாங்க. அவருக்கு இல்ல. எனக்கு இருக்குன்னாங்க. பிள்ளைகிட்ட இருந்து எனக்கு ஒட்டிருச்சு. தாய்னா ஒட்டத்தான செய்யும்? அதுலயும் ஒரு நல்லது, அவ கூடயே அந்த வார்டுல என்னைப் படுக்க விட்டாங்க. அஞ்சு நாள் ஆக்சிஜன். கிட்னிக்குக் குடுக்கிற மாத்திரையில ஒண்ணை நிறுத்திட்டாங்க. அதை நிறுத்துனாத்தான் கொரோனாவை உடம்பு எதிர்க்கும். ஆனா நிறுத்துனா உடம்பு கிட்னியையும் சேத்து எதிர்க்கும். டாக்டர் அதைச் சொல்லும்போது அவருக்கே குரல் இறங்கிப்போச்சு. எந்தப் பக்கம் போனாலும் பள்ளம்.

அந்த வார்டுல வச்சு டாக்டர் ஒரு பேப்பரை எடுத்து வச்சுக்கிட்டு, வீட்டுல முதல்ல யாருக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு, எந்தத் தேதின்னு கேட்டாரு. நான் சொன்னேன், விசேசத்துக்கு வந்தவங்ககிட்ட இருந்து சார், எங்க நாத்தனா இருமிக்கிட்டே இருந்தா சார். அவர் சுபிக்கிட்ட கேட்டாரு, உனக்குத் தெரியுமாம்மான்னு. அவ ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ள இருந்து என்னையே பாத்தா. பிறகு, தெரியல சார்னா. அத்தையைக் காட்டிக் குடுக்க மனசு வரல, பாருங்க. அம்புட்டுப் பாசம்!

பத்தாம் நாள் கீழ வந்தேன். ஆஸ்பத்திரி கேட்டுக்கிட்ட கோமதி நிக்கா. பத்து நாளா நிக்காளாம். லாட்ஜ்ல ரூம் எடுத்து, கஞ்சி காய்ச்சி எங்க வீட்டுக்காரர்கிட்ட குடுத்துவிட்டது அவதானாம். எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. அத்தனை பேர் மத்தியில கத்துனேன். நீதான்டி கொண்டாந்த, திருப்பூர்ல இருந்து நோயைக் கொண்டாந்து எம்பிள்ளைக்குக் குடுத்துட்ட, குடுத்ததைத் திரும்பப் பிடுங்கத்தான் வந்தியா, தண்ணி ஊத்த விடலைங்கிற ஆத்திரத்துல பண்ணியான்னு கேட்டேன். ஆமா, அப்படியும் கேட்டேன். வாயில வந்ததெல்லாம் கேட்டேன். எங்க வீட்டுக்காரரு, ஏ தங்கபுஷ்பம், வாயைக் கழுவு, உனக்குத்தான செவ்வாக்கிழமையேன்னு என்னமோ சொல்ல வந்தாரு. கோமதி அவர் கையைப் பிடிச்சு நிறுத்திட்டா. என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னா, ஆமா மதினி, என்னாலதான், நான் வந்திருக்கக் கூடாது, நீங்க மேல போங்க, சுபி தேடுவான்னு.

அவளே ஒத்துக்கிட்டா தங்கச்சி. நானா சொல்லல. அவ வாயாலயே ஒத்துக்கிட்டா. அன்னிக்குப் போனவதான், இந்தா ஆடி வந்தாச்சு, எங்க வாசப்படி மிதிக்கல.

பிள்ளை பிழைச்சுட்டா. ஆனா ஒண்ணுக்குக் கீழ இருந்த கிரியாட்டினின் ரெண்டைத் தாண்டிருச்சு. பயாப்ஸி எடுத்தாங்க, ஊசியாக் குத்துனாங்க, இப்ப ஒண்ணு எட்டுல நிக்குது. அதுக்கு மேல ஏறாம இருக்கணும். ஒவ்வொரு தடவை ரத்தம் குடுத்துட்டு அந்தப் பேப்பர் வர்ற வரைக்கும் எனக்குப் பச்சத்தண்ணி இறங்காது. இது போச்சுன்னா இனி யார் குடுப்பா? குடுக்கிறதுக்கு எங்க வீட்டுல ஆள் இல்ல. மறுபடியும் அந்த டயாலிசிஸ் பெட்டுல அவளைப் படுக்கவைக்க என்னால ஆகாது, சத்தியமா ஆகாது. ஊசி ரெண்டும் பிறகு போட்டாச்சு, அவளுக்கும் எனக்கும். லேசாக் கை வலிச்சுச்சு, அவ்வளவுதான். இதுக்குப் போயா பயந்தோம்னு இருந்துச்சு.

வீடுதான் வீடா இல்ல. அவரு வண்டியை விட்டு வந்தா சாப்பிடுறாரு, படுக்காரு. இவ எது கேட்டாலும் ம்ங்கிறா. மாத்திரையை அவளே எடுத்துப் போட்டுக்கிடுறா, டப்பா இப்ப என் கையில இல்ல. நான் என்ன பண்ணேன் சொல்லுங்க? இந்தப் பிள்ளைக்காகத் தூங்காம கிடந்தவ நானா, வேற யாருமா?

நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன்.

ஒண்ணு காட்டவா? யார்கிட்டயும் காட்டல. நான் எட்டாவது வரைக்குந்தான் படிச்சேன், நீங்க படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. போன வாரம் இன்னைக்கு வர்றதுக்காக ஃபைலை அடுக்குனேன். பயாப்ஸி பேப்பருக்குப் பின்னால இந்தச் சீட்டு சொருகியிருந்துச்சு. இந்தா, பிடிங்க. மேல கோமதின்னு பேர் போட்டிருக்கு, அது எனக்கே தெரியுது. தேதி சனவரி பத்தொம்பது. புதன்கிழமை. அவ எங்க வீட்டுக்கு வர்றதுக்கு முதல் நாள். திருப்பூர்ல ஏதோ லேப்.

வீட்டுக்காரர்கிட்டதான் கேட்டேன், இது என்னன்னு. பஸ் ஏறுறதுக்கு முன்னால டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டுத்தான் வந்தாளாம். நோய் இல்லைன்னு தெரிஞ்சுதான் வந்தாளாம். அப்ப எதுக்கு ஒத்துக்கிட்டான்னு கேட்டேன். அவரு சட்டையை மாட்டிக்கிட்டே சொல்றாரு, இனிமேலும் அந்தப் பிள்ளையைப் பாக்கிறதுக்கு நீதான வேணும், நீ உடைஞ்சு போனா யார் பாப்பா, அதனால மதினிகிட்ட காட்டாதீங்கண்ணேன்னு கோமதி சொல்லிட்டாளாம். சொல்லிட்டு வண்டிக்குப் போயிட்டாரு.

இதுக்கு என்ன அர்த்தம்? எனக்குப் புரியல. நிசமாவே புரியல.

அந்தா வர்றா பாருங்க, நீலச் சுடிதார். கையில பஞ்சை அமுக்கிக்கிட்டு வர்றா. இன்னொரு கையில போன். அத்தைகிட்டதான் பேசுவா, நான் கேட்டாத் தோழிம்பா. என்கிட்ட ம்முங்கிற பிள்ளைக்கு அங்க எப்படிச் சிரிப்பு வருது பாருங்க.

அவ வர்றதுக்குள்ள சொல்லுங்க தங்கச்சி. இங்க, இந்தக் கீழ் வரியில நெகட்டிவ்னுதான போட்டிருக்கு? இந்த டெஸ்டெல்லாம் தப்பாவும் வரும்னு டிவியில சொன்னாங்கல்ல? நோய் இருந்தும் இல்லைன்னு காட்டும்னு சொன்னாங்கல்ல? நீங்களும் கேட்டிருப்பீங்க. கேட்டிருக்கீங்கல்ல?

ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.